யான் கார்ஸ்கியின் பக்கத்து இடம்

போலந்தின் லோட்ஸ் நகரில் (அந்த ஊர்க்காரர்கள் ‘வூச்’ என்பார்கள்) பிழைத்தவர்களின் பூங்கா என்றொரு பூங்கா இருக்கிறது. நாஜிகள் அந்நகரத்து யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ அழிக்கப்பட்ட 60ஆம் ஆண்டில், அதாவது 2004இல், உயிர் தப்பியவர்கள் வந்து ஆளுக்கொரு மரம் நட்டு உருவாக்கிய பூங்கா அது. அதற்குள் ஒரு நினைவு மேடு எழுப்பப்பட்டிருக்கிறது. மேட்டின் உச்சியில் ஒரு பெஞ்சு. 1914இல் அதே நகரில் பிறந்து, இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றிய செய்தியை நேச நாடுகளுக்குக் கொண்டுசேர்த்த யான் கார்ஸ்கியின் நினைவாக வைக்கப்பட்டது அந்தப் பெஞ்சு. வார்சாவிலும், கீல்சேயிலும், நியூயார்க்கிலும், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலும், டெல் அவீவ் பல்கலைக்கழகத்திலும்கூட அவருக்குப் பெஞ்சுகள் உண்டு. கிராகோவைச் சேர்ந்த சிற்பி கரோல் படினா வடித்த வெண்கல கார்ஸ்கி உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் யாரும் வந்து உட்காரலாம்.

பீடத்தில் ஏற்றிய சிலையைவிட இது எளிமையானது, மக்களுக்கு நெருக்கமானது என்று பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கும் பெஞ்சு பிடித்திருக்கிறது. ஆனால் காரணம் அதுவல்ல. கார்ஸ்கி செய்த வேலையே, அதிகாரம் உள்ள ஒருவர் முன் உட்கார்ந்து தான் கண்டதைச் சொல்வதுதான். அவர் சொன்னதைக் கேட்க உட்கார்ந்தவர்களின் வரலாறு அவ்வளவு பெருமைக்குரியதல்ல. அந்தப் பக்கத்து இடத்தில் உட்காருகிறவர் அதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும் என்பதே என் ஆசை.

ராஜதந்திரியாவதற்குப் படித்துப் போலந்தின் வெளியுறவுத் துறையில் சேர்ந்த இளைஞர் அவர். 1939இல் போர் வந்தது. முதலில் சோவியத் படையிடம் சிக்கினார். கைதிகள் பரிமாற்றத்தில் ஜெர்மானியர் கைக்கு மாறினார். அங்கிருந்து தப்பி, நாஜிகளை எதிர்த்த போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் செய்தித் தூதரானார். 1940இல் ஸ்லோவாக்கியாவில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்து வதைத்தபோது, எதையாவது உளறிவிடுவோமோ என்ற அச்சத்தில் தன் மணிக்கட்டை அறுத்துக்கொண்டார். மருத்துவமனையிலிருந்து தோழர்கள் அவரை மீட்டார்கள். 1942இல் இரண்டு முறை வார்சா கெட்டோவுக்குள் நுழைந்தார். பின்பு காவலாளி வேடத்தில் ஒரு முகாமுக்குள்ளும் போனார். அது பெல்ஜெட்ஸ் மரண முகாம் என்றே அவர் எண்ணியிருந்தார். மரண முகாமுக்கு அனுப்பும் முன் மக்களைத் திரட்டி வைத்த இஸ்பிட்சா என்ற இடம்தான் அது என்பது வரலாற்றாய்வாளர்களின் முடிவு. எதுவானாலும், கண்ணால் கண்டதைச் சுமந்துகொண்டு அந்த ஆண்டு நவம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கதையோடு நான் முரண்படுகிறேன். ‘அவர் சொன்னதை உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை’ என்பது பாதி உண்மைகூட இல்லை. டிசம்பர் 10 அன்று, நாடு கடந்து லண்டனில் இயங்கிய போலந்து அரசு, யூதர்கள் கூட்டமாகக் கொல்லப்படுவதைப் பற்றி நேச நாடுகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. கார்ஸ்கி கொண்டுவந்த செய்திகளும் அதற்கு ஆதாரமாக இருந்தன. டிசம்பர் 17 அன்று நேச நாடுகள் கூட்டாகக் கண்டன அறிக்கை வெளியிட்டன. பிரிட்டிஷ் மக்களவையில் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடன் அதைப் படித்த பிறகு உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். ஆக, கேட்டார்கள், எழுந்தும் நின்றார்கள், பிறகு உட்கார்ந்துவிட்டார்கள்.

1943 ஜூலையில் வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் அவரைச் சந்தித்தார். தாமே யூதரான அவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன்னால் இதை நம்ப முடியவில்லை என்றார். உடனிருந்த போலந்துத் தூதர் கொதித்தெழ, இந்த இளைஞர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, என்னால் நம்ப முடியவில்லை என்றுதான் சொன்னேன் என்று விளக்கினார். நம்பாமல் இருப்பதும் நம்ப முடியாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நீதிபதியை என்னால் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. அதே மாதம் 28ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட்டையும் கார்ஸ்கி சந்தித்தார். அதிபர் போலந்தின் குதிரைகளைப் பற்றி விசாரித்தார், யூதர்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று கார்ஸ்கி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

கேட்டதைத் தாங்க முடியாமல் போனவரும் ஒருவர் இருந்தார். லண்டனில் போலந்து தேசிய மன்றத்தின் உறுப்பினராக இருந்த ஷ்முல் சிகெல்போயம், கார்ஸ்கியைச் சந்தித்துப் பேசியவர். வார்சா கெட்டோவின் எழுச்சி நசுக்கப்பட்ட 1943 மே மாதம், உலகின் செயலின்மையைக் கண்டித்துக் கடிதம் எழுதி வைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார்.

வார்சாவில் யூதர் வரலாற்று அருங்காட்சியகத்தின் அருகே உள்ள பெஞ்சில் ஒரு பொத்தான் இருக்கிறது; அழுத்தினால் போரைப் பற்றிய சிறிய உரை ஒலிக்கும். நல்ல ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது தயக்கமாக இருக்கிறது. பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு எழுந்து போவதற்கும், 1942இல் மக்களவையில் நடந்ததற்கும் உள்ள ஒற்றுமை உறுத்துகிறது. 2012இல், அவர் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் உயரிய குடிமை விருதை அவருக்கு அறிவித்த விழாவிலேயே அதிபர் ஒபாமா நாஜிகள் நடத்திய முகாமைப் ‘போலந்து மரண முகாம்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, பின்னர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் சொல் தவறாமல் செய்தி சுமந்த தூதருக்கு அப்படியொரு மரியாதை.

எனவேதான் எல்லாப் பெஞ்சுகளிலும் லோட்ஸ் பூங்காவில் இருப்பதே சரியான இடத்தில் இருக்கிறது என்கிறேன். கார்ஸ்கி ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தபோது லோட்ஸ் கெட்டோ இன்னும் இருந்தது; அங்கே மக்கள் தொழிற்கூடங்களில் ஜெர்மானியருக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். தூதர் சொல்லி முடித்து ஓராண்டுக்கு மேல் கழித்து, 1944 ஆகஸ்டில்தான், அங்கு மிஞ்சியிருந்தவர்களில் 60,000க்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அவர்களைக் காப்பாற்ற நேச நாடுகளால் முடிந்திருக்குமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். நேரம் இருந்தது என்பதில் வாதமில்லை. அந்தப் பெஞ்சின் பலகையில் நான் எழுதச் சொல்வது விருதுகளின் பட்டியலை அல்ல, மூன்று தேதிகளை: 1942 டிசம்பர் 17, 1943 ஜூலை 28, 1944 ஆகஸ்ட். கார்ஸ்கியின் பக்கத்தில் உட்காருகிறவர் அதைப் படித்துவிட்டுக் கீழே இறங்கினால், பிழைத்தவர்கள் நட்ட மரங்களின் நடுவேதான் நடந்தாக வேண்டும். அந்த மரங்கள் சில நூறுதான்.