கட்சுராவை விட்டுட்டீங்களே

இலையுதிர்கால நிறங்களைப் பத்தின உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா இங்கிலாந்துல வெஸ்டன்பர்ட் மரத்தோட்டம்னாலே ஜப்பான் மேப்பிள் மட்டும்தான்ங்கிற மாதிரி எழுதிட்டீங்க, கட்சுரா மரத்தைப் பத்தி ஒரு வரி கூட இல்லயே. அக்டோபர்ல அதோட இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிச்சதும் சர்க்கரைப் பாகு லேசா கருகுற வாசனை வரும், மரம் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே மூக்குக்குத் தெரிஞ்சிடும். மால்டால்னு ஒரு பொருள்தான் காரணம்.

மேப்பிள் அழகுதான், இல்லைன்னு சொல்லல. பச்சையம் குறைஞ்சதும் தெரியுற மஞ்சள் ஏற்கனவே இலைக்குள்ள இருந்ததுதான், ஆனா சிவப்பு அப்படி இல்ல, அந்த நேரத்துல இலை புதுசா உண்டாக்குறது, பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி குளிரும் இருந்தா செக்கச்செவேல்னு வரும், அதான் ஒரு வருஷம் மாதிரி இன்னொரு வருஷம் இருக்கறதில்ல.

அப்புறம் நிறைய பேர் அந்தத் தோட்டத்துல மேப்பிள் மரங்க நிறைஞ்ச ஏசர் கிளேட் பகுதில போட்டோ எடுத்துட்டு அப்படியே திரும்பிடறாங்க. பள்ளத்தைத் தாண்டி தோட்டத்தோட இன்னொரு பகுதியான சில்க் வுட் பக்கம் போங்க ப்ளீஸ். அங்க 2000 வயசு இருக்கும்னு கணிச்சிருக்கிற லிண்டன் மரம் ஒண்ணு இருக்கு, அடியோட வெட்டி வெட்டித் துளிர்க்க விட்டே இவ்ளோ காலம் வந்திருக்கு, பாத்தா தனித்தனி மரங்க வட்டமா நிக்கிற மாதிரிதான் தெரியும், ஆனா எல்லாம் ஒரே மரம். 1829ல ராபர்ட் ஹோல்ஃபோர்டு இந்தத் தோட்டத்தை ஆரம்பிச்சப்பவே அது கிழ மரம்! நாயைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கும் சில்க் வுட்தான், ஏசர் கிளேட் இருக்கிற பழைய தோட்டப் பகுதில நாய்க்கு அனுமதி இல்ல.