ஒப்படைத்துவிட்டுப் போனவளைத் திட்டாதீர்கள்

உங்கள் பதிப்பக வேலையிலிருந்து பாதியில் விலகிய பெண்ணைத் திட்டி நீங்கள் போட்ட பதிவிலிருந்து 'நன்றி கெட்டவள்' என்ற அந்த ஒரு வார்த்தையையாவது எடுத்துவிடுங்கள் சார். நேற்றே உள்பெட்டியில் கேட்டேன். பார்த்துவிட்டீர்கள், பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிவு என்று என் நட்பு வட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெயர் போடாவிட்டாலும் அந்தப் பெண் யாரென்று தெரிகிற மாதிரிதான் அந்தப் பதிப்பாளர் எழுதியிருந்தார். ஜனவரியில் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி. டிசம்பர் பாதிக்குள் எல்லாம் அச்சுக்குப் போயாக வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில், புத்தகப் பக்கங்களை லேஅவுட் செய்துகொண்டிருந்த பெண் "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டாள். கோபம் வரும்தான். பதினெட்டு வருடமாக இதே வேலையில் இருக்கிறேன், டிசம்பரில் ஒரு பதிப்பாளர் படுகிற பாடு எனக்குத் தெரியும். ஆனால் அவள் எதையெல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போனாள் என்பதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரிகூட இல்லையே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். மூன்று புத்தகத்தில் ஒன்றை முழுதாக முடித்துக் கொடுத்திருக்கிறாள். மற்ற இரண்டின் இன்டிசைன் (பக்கம் அமைக்கும் மென்பொருள்) கோப்புகளை எழுத்துருக்களோடும் படங்களோடும் பேக்கேஜ் செய்து டிரைவில் ஏற்றியிருக்கிறாள். எந்த ஃபாரம் (அச்சுக்குப் போகிற பதினாறு பக்கக் கட்டு) முடிந்தது, எதில் ஆசிரியரின் இரண்டாம் திருத்தம் இன்னும் ஏற்றவில்லை என்று பக்க எண்ணோடு ஒரு தாள். 'கருப்பு'க்குச் சின்ன ருவா பெரிய றுவா, ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஆசிரியரோடு பேசி முடிவு செய்த பட்டியல் இன்னொரு தாள். அதன் கீழே, "பாராகிராஃப் ஸ்டைலில் வேர்ல்ட் ரெடி கம்போசரை மாற்றிவிட வேண்டாம், மாற்றினால் கொம்பெல்லாம் இடம் மாறிவிடும்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறாள். தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிற அமைப்பு அது. அடுத்து வருகிற ஆள் ஒரு ராத்திரி முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறவள்தான் இதை எழுதுவாள்.

பாதியில் விலகுவது வேறு, பாதியில் விட்டுவிட்டு ஓடுவது வேறு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஓடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 2009-இல் ஒரு சிற்றிதழ் வேலையை ஒத்துக்கொண்டு, முடியாமல் போனபோது சொல்லத் தைரியம் வராமல் நாலு நாள் ஃபோனை அணைத்து வைத்தேன். ஐந்தாம் நாள் அந்த ஆசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, "முடியலைன்னு சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேனேம்மா" என்றார். திட்டவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த வேலையும் கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது.

2014-இல் மறுபடி அதே நிலைமை. 640 பக்க நாவல், நாற்பது ஃபாரம். இருபத்திரண்டு முடித்திருந்தேன். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இந்த முறை ஃபோனை அணைக்கவில்லை. பென்டிரைவை எடுத்துக்கொண்டு ராயப்பேட்டையில் அந்த நாவலின் பதிப்பாளர் அண்ணாச்சி அலுவலகத்துக்கு நேரில் போனேன். "அண்ணாச்சி, மிச்சத்தை என்னால பண்ண முடியாது, இந்தப் பையன் பண்ணுவான், நான் கூட உக்காந்து ரெண்டு நாள் சொல்லிக் குடுக்கறேன்" என்றேன். மெயிலில் எழுதியிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி விஷயத்தை முதலில் வாயால் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எழுத்தில் அனுப்ப வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணாச்சி முகம் சுருங்கியது. காபி வரவழைத்தார். பக்கத்துக்கு 30 ரூபாய், 352 பக்கம், 10,560. முன்பணம் 8,000 போக மீதி 2,560-ஐ அன்றைக்கே மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "பாதியில போறேன், அது வேண்டாம் அண்ணாச்சி" என்றதற்கு, "செஞ்ச வேலைக்குக் கூலி வேண்டாம்னு சொல்லாத" என்றார். அடுத்த வருடமே கூப்பிட்டு வேலை கொடுத்தார். இன்றைக்கு வரைக்கும் கொடுக்கிறார்.

"ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானே?" என்று கமென்டில் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், அதை மீறியதால் நஷ்டம் வந்தால் ஈடு கேட்கலாம் என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. சரி, கேளுங்கள். ஆனால் அதே சட்டத்தின் 70-ஆவது பிரிவைப் படித்திருக்கிறீர்களா? இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து கொடுத்ததன் பலனை நீங்கள் அனுபவித்தால், அதற்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்கிறது. சட்டம் இரண்டு பக்கத்துக்கும்தான். அதுவும் அவளுக்கு இருந்த ஒப்பந்தம் என்ன? "மூணு புக், ஜனவரிக்கு, பழைய ரேட்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. விலகுவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அதுவரை செய்த வேலைக்குக் கணக்கு எப்படி, கோப்புகள் யாருக்கு என்று நாலு வரி அதில் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. அந்த நாலு வரியைக் கேட்டால் "நம்பிக்கை இல்லையாம்மா?" என்பார்கள். நானே கேட்டு, நானே அந்தப் பதிலை வாங்கியிருக்கிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்றவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்த இரண்டு தாளையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அவள் ஏன் விலகினாள் என்று யாராவது கேட்டீர்களா? போன வருடம் செய்து கொடுத்த இரண்டு புத்தகத்துக்கு இன்னும் பணம் வரவில்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் "காட்சி முடியட்டும்மா". அவள் அரசின் உத்யம் பதிவில் சிறு தொழிலாகப் பதிந்து வைத்திருக்கிறாள். 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, அப்படிப் பதிந்தவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கென்று இருக்கிற அரசுத் தளத்தில் அவள் புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. உறவு கெட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள். உறவைப் பற்றி யோசித்தது அவள்தான் சார்.

'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி பார்த்துக்கொண்டோம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோதுதான் என் கை நடுங்கியது. எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். பிஎஃப் கிடையாது, லீவு கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கு 'ஒரே ஒரு சின்னத் திருத்தம்' மட்டும் வரும், காரணம் நான் வீட்டுப் பெண். 2021-இல் அவர் தர வேண்டிய 18,000 ரூபாயை நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன். கொரோனாவில் அவரும் கஷ்டப்பட்டார், தெரியும். ஆனால் ஒரு ஃபோன் போட்டு 'இப்போ முடியலைம்மா' என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் விலகும்போது மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நீங்கள் பணம் கொடுக்க முடியாதபோது சொல்ல வேண்டாமா?

அவளுக்கு இருபத்தாறு வயது. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு இரண்டு பதிப்பகங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதாகச் சொன்னாள். அழவில்லை. "நான் சரியாத்தானே அக்கா ஒப்படைச்சேன்?" என்று மூன்று முறை கேட்டாள்.

அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள் சார். போன வருடத்து இரண்டு புத்தகத்துக்கான பணத்தைப் போட்டுவிடுங்கள். அடிக்குறிப்பு எண் ஏன் மாறிப்போகிறது என்று உங்கள் புது டிசைனர் நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு அவளிடம்தான் கேட்டிருக்கிறார். முக்கால் மணி நேரம் லைனில் இருந்து சரிசெய்து கொடுத்திருக்கிறாள்.