நீல பஃப் எந்தக் காற்றில் முடிகிறது?

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கம் சின்னதாக ஒரு பாமசி வைத்திருக்கிறேன். கம்பியூட்டர் பில் வந்த பிறகும் ஸ்டொக் எழுதும் கொப்பியை நான் விடவில்லை. போன ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆனி, ஆடியில் நீல பஃப் ஓடர் போட்ட வரிகள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன. பஃப் என்றால் முட்டு, அதாவது ஆஸ்துமா இழுப்பு, உள்ளவர்கள் வாயில் வைத்து இழுக்கும் இன்ஹேலர். நீலம் என்றால் சல்பியூட்டமோல், முட்டு வந்தவுடன் இழுப்பது. பிரவுண் பஃப், முட்டு வராமல் இருக்க நாளாந்தம் எடுக்க வேண்டியது. அது வருஷம் முழுக்க ஒரே மாதிரித்தான் போகிறது. வருத்தம் வந்த பிறகு ஓடி வருகிற சனம், வரமுன் மறிக்கிறதில்லை. சரி, அதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன்.

ஆனி, ஆடி எங்களுக்குச் சோளகக் காலம். வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தென்மேற்கிலிருந்து வரும் இந்தக் காற்று மழை தராது, குடாநாட்டைக் காயவைத்து எடுத்துவிடும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்குப் பிறகுதான். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டி முடிந்த துண்டுகள் வெறும் தரையாகக் கிடக்கும். அதில் ஒரு உழவு மெசின் இறங்கினால் போதும். காலையில் ஈரத்துணியால் துடைத்த கண்ணாடி அலுமாரியில் பத்தரைக்கு விரலால் பெயர் எழுதலாம். கொடியில் காயும் வெள்ளை யூனிபோமைக் கையில் எடுத்தால் மடிப்புக்குள் மெல்லிய செங்கோடு தெரியும்.

இதைப் போய்ப் புழுதிப் புயல் என்று சொல்வாயா என்று கேட்டால், மாட்டேன். புயல் என்றால் குவைத்தில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாரே, அதுதான். மத்தியான வானம் தோடம்பழ நிறம், எதிர்க் கட்டிடம் தெரியாது. 2022 மே மாதம் ஈராக்கில் அடித்த ஒரே புயலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறத்தாழ 200 கோடி தொன் புழுதி காற்றில் ஏறுகிறது என்கிறது உலக வானிலை அமைப்பு. அதில் பெரும்பகுதி வட ஆபிரிக்கா, மத்திய கிழக்குப் பாலைவனங்களிலிருந்து. ஜூலை 12ஐ ஐ.நா. இதற்கென்றே ஒரு நாளாக வைத்திருக்கிறது, 2025 முதல் 2034 வரை ஒரு பத்தாண்டையும் ஒதுக்கியிருக்கிறது.

அந்தக் குவைத் அண்ணையிடம் ஒருமுறை கேட்டேன், "புழுதி அடிச்ச அண்டைக்கு உங்களுக்கு என்ன செய்தது?"

"அண்டைக்கு ஒண்டும் இல்லையடா. கதவெல்லாம் பூட்டிப்போட்டு உள்ளுக்குத்தானே கிடந்தனாங்கள். மூண்டாம் நாள்தான் நெஞ்சு பிடிச்சது."

புழுதியின் பாதிப்பைக் கணக்கெடுப்பவர்களின் தலையிடியில் பாதி இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. புயல் அடிக்கிற அன்று றோட்டில் போக முடியாது, கொஞ்சம் முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவே மாட்டார்கள். அன்றைய எண்ணிக்கையை மட்டும் எடுத்து வைத்தால், புழுதி உடம்புக்கு நல்லது என்றுகூட விடை வரலாம்! அதனால் அன்று, மறுநாள், மூன்றாம் நாள் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள். இன்னொரு முறையும் உண்டு. ஒருவரை வேறொருவரோடு ஒப்பிடாமல், அவருக்கு முட்டு வந்த நாளை அவருடைய வேறு நாட்களோடு ஒப்பிடுவது. திங்களில் வந்தால் அதே மாதத்தின் மற்றத் திங்கள்களோடு. வயது என்ன, சிகரெட் பத்துகிறாரா, வீட்டில் விறகடுப்பா என்ற கேள்விகளெல்லாம் அதில் தானாகக் கழன்றுவிடும், ஆள் ஒரே ஆள்தானே. கடைக்காரப் புத்திக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆனால் இதை நல்லூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். வீதியெல்லாம் மணல், கால் வைக்க இடமில்லாத சனம். பவுசரில் தண்ணீர் தெளிப்பார்கள், வெயில் ஏற அது காய்ந்துவிடும். கற்பூரப் புகை ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த தடிமன் ஒரு பக்கம். தேருக்கு அடுத்த நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கடைப்படி ஏறுபவருக்கு எது செய்தது? நான் இவ்வளவு காலமும் யோசிக்காமல் "புழுதிதான் ஐயா" என்று சொல்லி நீலத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கொப்பியில் ஆடிக் கடைசியிலும் ஆவணியிலும் தெரிகிற ஏற்றத்தைச் சோளகத்தின் கணக்கில் மட்டும் போட எனக்கு இப்போது துணிவில்லை. திருவிழா தொடங்க முன் வருகிற ஆனி மாதத்து வரிகளைத்தான் கொஞ்சம் நம்புகிறேன்.

எந்தப் புழுதி என்பதும் முக்கியம். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். காற்றுக் காலத்தில் அங்கே நின்றால் முகத்தில் ஊசி குத்தும், கண் சிவந்துவிடும். ஆனால் அந்த மணல் நெஞ்சுக்குள் இறங்காது, குருணி பெரிது. எங்கள் தலைமயிரின் தடிப்பு 50 முதல் 70 மைக்ரோமீற்றர் வரும். 10 மைக்ரோமீற்றரும் அதற்குக் கீழும் உள்ள தூசிதான் சுவாசக் குழாய்க்குள் போகிறது, 2.5க்குக் கீழே என்றால் நுரையீரலின் அடிவரைக்கும். எங்கள் செம்மண்ணில் களி கூட, அது மாவாக அரைபடும். வருஷக்கணக்காகத் தோட்டத்துக்கு அடித்த மருந்தின் மிச்சமும் அதோடு ஒட்டி வரலாம். முகத்தில் குத்துகிற மணலுக்குச் சீலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறோம். அலுமாரியில் சத்தமில்லாமல் படிகிற தூசிக்கு யார் மூடுகிறார்கள்?

ஐரோப்பாவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சகாராப் புழுதி வந்த நாட்களில் அதன் பங்கைக் கழித்துவிட்டு, மாசு வரம்பைத் தாண்டியதா என்று பார்க்க அங்குள்ள அரசுகளுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாலைவனத்துக்கு யார் தண்டம் எழுதுவது என்ற நியாயம். விளங்குகிறது. ஆனால் தென் ஐரோப்பிய நகரங்களில் செய்த ஆய்வுகளில், அந்தப் பாலைவனப் புழுதி கூடிய நாட்களிலும் மரணங்கள் கூடியிருக்கின்றன. மூக்கு எதையும் கழித்துவிட்டு இழுக்காது. எங்கள் ஊரிலோ கழிப்பதே கஷ்டம். சோளகம் இயற்கை, சரி. கிரவல் றோட்டில் படங்கு மூடாமல் பறக்கிற டிப்பரை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வரம்பு என்றதும் இன்னொன்று. 2008இல் வர்த்தமானியில் வந்த இலங்கை அளவுகோல்படி, 24 மணித்தியாலத்துக்குப் பி.எம். 10, அதாவது மேலே சொன்ன 10 மைக்ரோமீற்றரும் அதற்குக் கீழும் உள்ள தூசி, ஒரு கனமீற்றருக்கு 100 மைக்ரோகிராம் வரை போகலாம். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 45. எண்பது இருக்கிற ஒரு நாள் கொழும்புச் சட்டத்துக்கு நல்ல நாள்.

2022 மார்கழி நினைவிருக்கும். வங்கக் கடலில் மாண்டஸ் புயல் நின்ற நேரம், வடக்கிலிருந்து வந்த அழுக்குக் காற்றால் ஊரே புகை மூடினதுபோல் இருந்தது. டிசம்பர் 9 நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அந்தக் கிழமை என் கடையில் மாஸ்க் முடிந்து, யாழ்ப்பாணம் முழுவதும் போனில் காற்றின் தரம் பார்த்தது. பத்து நாள் போக எல்லாரும் மறந்துவிட்டோம். வடக்கிலிருந்து அடிக்கிற வாடைக் காற்றில் இந்தியாவிலிருந்து வருகிற அழுக்குக்குத் தலைப்புச் செய்தி. மூன்று நான்கு மாதம் எங்கள் தோட்டத்திலிருந்தே எழும்புகிற புழுதிக்கு "காற்றுக் காலம்தானே" என்ற ஒரு சொல். கோபம் வராமல் என்ன செய்யும்?

என் வாதம் இதுதான். ஆஸ்பத்திரி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் புழுதியை அளந்தால், பாலின் மேலே மிதக்கிற ஆடையை மட்டும் அளந்ததாகும். வார்ட்டில் படுத்தவருக்கு ஒரு பதிவு உண்டு. கிளினிக் கொப்பியில் கிறுக்கல் எழுத்தில் "முட்டு" என்று இருக்கும், அன்று என்ன காற்று என்று இருக்காது. என்னிடம் பஃப் வாங்கிப்போனவர், வேப்பிலை போட்டு ஆவி பிடித்தவர், கூலிக்குப் போகாமல் திண்ணையில் குந்தி இருந்தவர், இவர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. போன கிழமை ஒரு அம்மா வந்தா. வெங்காயம் கிண்டுகிற வேலை. "தம்பி, அந்த நீலத்திலை ஒண்டு தாங்கோ, கொப்பி வீட்டிலை கிடக்கு" என்றா. கிளினிக்குக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அரைநாள் சம்பளம் போயிடும் மோனை" என்றா. அவவின் முட்டு இப்போது என் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு "காற்று" என்று எழுதியிருக்கிறேன். நேற்றைய வரி: சோளகம், பலம். மழை இல்லை. சந்தியில் றோட்டு வேலை. நீலம் 4, பிரவுண் 1. வடமராட்சியிலோ தீவகத்திலோ பாமசி வைத்திருக்கும் ஆக்கள் யாராவது இதே மாதிரி எழுதத் தயார் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ. ஆட்களின் பெயர் வேண்டாம், காற்றும் எண்ணிக்கையும் போதும். செம்மண் இல்லாத இடத்துக் கொப்பி ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டும்.