கொச்சி விமான நிலையமும் சூரிய மின்சாரமும்

கொச்சி விமான நிலையம் முழுக்க சூரிய சக்தியில் இயங்குவதால், அங்கிருந்து பறந்தால் கார்பன் வெளியேற்றமே இல்லை என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சரியல்ல.

2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை அங்கே திறந்தார்கள். பகலில் மிஞ்சும் மின்சாரம் மாநில மின்வாரியத்துக்குப் போகும், இரவில் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 2018-இல் ஐநாவின் சுற்றுச்சூழல் விருது கிடைத்ததும் இதற்காகத்தான். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் இந்தக் கணக்கு முனையத்தின் விளக்கு, ஏசி போன்ற மின் தேவைக்கு மட்டும். விமானம் எரிப்பது வழக்கமான பெட்ரோலிய எரிபொருள். அதில் ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், கொச்சியில் ஏறினாலும் சென்னையில் ஏறினாலும்.

நீங்களே சரிபார்க்கலாம். ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் இணையதளத்தில் கார்பன் கணிப்பான் இலவசமாக இருக்கிறது. புறப்படும் இடம் கொச்சி, சேரும் இடம் துபாய் என்று கொடுங்கள். ஒரு பயணிக்கு எத்தனை கிலோ என்று காட்டும். அது பூஜ்யமாக இருக்காது.