தணிக்கையை மனப்பாடப் பாடமாக்கியது போதும்

பி.காம். படிப்பில் தணிக்கை, அதாவது ஆடிட்டிங், என்று ஒரு தாள் வரும். கணக்கே போட வேண்டாம், பக்கம் பக்கமாக எழுதினால் பாஸ் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் தாள். வணிகவியலில் இந்தப் பாடத்துக்கு நடந்த அநியாயம் வேறு எதற்கும் நடக்கவில்லை. வகுப்பில் இதை நடத்துகிறவன் என்பதால் எனக்கு இது பெரிய ஆதங்கம்.

நான் பார்த்த கேள்வித்தாள்கள் எல்லாம் ஒரே அச்சு. தணிக்கை வரையறு. வவுச்சிங்கின் (கணக்குப் பதிவுகளைப் பில், ரசீதுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது) நோக்கங்கள் யாவை? தணிக்கையாளரின் உரிமைகளும் கடமைகளும். அப்புறம் தவறாமல் 1896ஆம் ஆண்டின் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. சரக்கிருப்பை மேனேஜர் கூட்டிக் காட்டினார், அவர் கொடுத்த சான்றை ஆடிட்டர் நம்பினார், ஆடிட்டர் மேல் தப்பில்லை என்றது இங்கிலாந்து நீதிமன்றம். தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. 1938இல் அமெரிக்காவின் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் நிறுவனத்தில் 8.7 கோடி டாலர் சொத்தில் சுமார் 1.9 கோடி டாலர் வெறும் காகிதத்தில் மட்டுமே இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு அங்கே ஸ்டாக் எடுக்கும் இடத்தில் ஆடிட்டர் நேரில் நிற்க வேண்டும், பாக்கி வைத்திருப்பவர்களிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று ஆனது. மேனேஜர் கையெழுத்தோடு திருப்திப்பட்ட காலம் முடிந்தது. ஆனால் மாணவர் கையில் இருப்பது 1896 மட்டும்தான்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று இருந்தது. வங்கி இருப்பைச் சரிபார்ப்பது தணிக்கையின் அரிச்சுவடி. ஆடிட்டர் வங்கிக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், பதில் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும். எஸ்.ஏ. 505 என்ற தணிக்கைத் தரநிலையின் சாரமே இதுதான். 2011இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் சத்யம் ஆடிட்டர்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தபோது சுட்டிக்காட்டியதும் இதைத்தான்: கடிதம் அனுப்புவதையும் பதில் வாங்குவதையும் நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். 2020இல் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனத்தில் 190 கோடி யூரோ காணாமல் போனதும் வங்கி இருப்பில்தான்.

இந்தக் காகிதம் யார் கை வழியாக என்னிடம் வந்தது? தணிக்கை படிக்கும் பிள்ளைக்குப் பழக வேண்டிய முதல் கேள்வி அதுதான். நாம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறோம்.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். நானே தயாரித்த பில்களை ஒரு கட்டாகக் கொடுப்பேன். ஒன்றில் கடையின் பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருக்கும். ஆனால் ஜிஎஸ்டி எண்ணுக்குள் பான் எண் அடங்கியிருக்கிறது அல்லவா, அந்தப் பானின் நான்காவது எழுத்து 'பி' என்று இருக்கும். அது தனிநபருக்கானது, கம்பெனி என்றால் 'சி' வர வேண்டும். இன்னொன்றில் பெங்களூரு முகவரி, எண்ணோ 33இல் தொடங்கும். 33 தமிழ்நாடு, கர்நாடகத்துக்கு 29. வேறு இரண்டு பில்களில் தேதிக்கு இடையே ஒரு மாதம், பில் எண்கள் மட்டும் அடுத்தடுத்து. அப்படியானால் அந்த ஒரு மாதத்தில் அந்தக் கடைக்கு வேறு வாடிக்கையாளரே இல்லையா? பின் வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பையன்கூட அப்போது எழுந்து வந்து பில்லை வாங்கிப் பார்ப்பான். அந்த ஆர்வத்தைத்தான் 'வவுச்சிங்கின் நோக்கங்கள் யாவை' என்ற கேள்வி சாகடிக்கிறது.

சி.ஏ. போகிறவர்கள் ஆர்ட்டிகிள்ஷிப்பில் கற்றுக்கொள்வார்கள் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பயிற்சிக் காலமே புதிய திட்டத்தில் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அது இருக்கட்டும், பி.காம். முடிக்கிறவர்களில் பெரும்பாலோர் சி.ஏ. போவதில்லை. கம்பெனி அக்கவுண்ட்ஸ் பிரிவிலும் வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் உட்காரப் போகிறார்கள். பொய் பில் முதலில் வந்து சேருவது அவர்கள் மேசைக்குத்தான். அவர்களுக்குக் கல்லூரியை விட்டால் இதைக் கற்றுக்கொள்ள வேறு இடம் கிடையாது.

ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 பேர் வகுப்பு, குறித்த தேதிக்குள் முடிக்க வேண்டிய பாடத்திட்டம். பல ஆசிரியர்களுக்கு ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பே அமையவில்லை. எனவே பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை இந்தத் தாளுக்கு மட்டுமாவது அசைன்மென்ட் நோட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு சிறிய கடையின் ஒரு மாத கேஷ் புக், பில் கட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் மூன்றையும் கொடுத்து, மாணவர் தன் கையால் எழுதும் தணிக்கைக் குறிப்புக்குக் கொடுங்கள். ஊரில் இருக்கும் ஆடிட்டர் ஒருவரை அழைத்து அந்தக் குறிப்புகளைத் திருத்தச் சொல்லுங்கள். வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம், தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.