கிராஃப் ஒட்டிப்போகிறது என்பதற்காக மாடல் சரியாகிவிடாது

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளில் புராஜெக்ட் சமர்ப்பிக்கும் காலம் வந்தால், பல அறிக்கைகளிலும் ஒரே மாதிரி ஒரு பக்கத்தைப் பார்க்கலாம். உண்மை டேட்டா நீலத்தில், மாடல் சொன்னது சிவப்பில், இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கீழே ஆர்-ஸ்கொயர் (பொருத்தம் எவ்வளவு என்ற எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98. பேச்சிப்பாறை நீர்மட்டமோ, ஆரல்வாய்மொழி காற்றாலை மின்சாரமோ, ரப்பர் விலையோ, எதுவானாலும் இதே பக்கம்தான். பொருளாதாரத்தில் ஆய்வு செய்கிறவர்களின் அறிக்கையிலும் இதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தைப் பார்த்து மாடலை ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தை நாம் விட வேண்டும். காலத்தோடு மாறும் ஓர் அமைப்பில் அந்த 0.98 கிட்டத்தட்ட எதையும் நிரூபிப்பதில்லை.

ரப்பரையே எடுங்கள். ஆர்.எஸ்.எஸ்.-4 என்ற ரப்பர் ஷீட் தரத்தின் தினசரி விலையைச் சில ஆண்டுகளுக்கு எடுத்து, "நாளைய விலை இன்றைய விலையேதான்" என்று ஒற்றை வரியில் ஒரு மாடல் எழுதுங்கள். 0.98-ஐ அது சுலபமாகத் தாண்டும். சந்தையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. விலை ஒரே நாளில் பெரிதாக நகராது என்பது மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. அணை மட்டமும் அப்படித்தான். நேற்று 40 அடி என்றால் இன்றும் 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒவ்வொரு நாளும் உண்மை மதிப்பை எடுத்துக் கொடுத்து, அடுத்த ஒரு நாளை மட்டும் கேட்டால் எந்த மாடலும் தேறிவிடும்.

மாடலைத் தனியாக ஓடவிட வேண்டும். தொடக்க மதிப்பு ஒன்றைக் கொடுங்கள். மழை போல வெளியிலிருந்து வரும் உள்ளீடுகளைக் கொடுங்கள். அதன்பிறகு உண்மை டேட்டாவைக் கண்ணில் காட்டாமல் ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். 0.98 வாங்கிய மாடல்களில் பல இரண்டாவது வாரத்திலேயே வழிதவறிப் போகும். கூடவே மிச்சப் பிழையையும் (உண்மைக்கும் மாடல் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம்) பாருங்கள். இன்றைய பிழைக்கும் நேற்றைய பிழைக்கும் தொடர்பு இருக்கிறதா? 400 நாள் டேட்டா என்றால் அந்த ஒட்டுறவு தோராயமாக ±0.1-க்குள் இருக்க வேண்டும் (2-ஐ 400-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது). 0.5, 0.6 என்று வந்தால், பிழைக்குள் இன்னும் ஏதோ ஒரு இயக்கம் உட்கார்ந்திருக்கிறது, அதை நீங்கள் மாடலில் எழுதவில்லை என்று பொருள்.

இதெல்லாம் சோதனை முறை. இதைவிடப் பெரிய பிழைகள் மாடலை எழுத உட்காரும்போதே வந்துவிடுகின்றன. அவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது பின்னூட்டத்துக்குள் எடுத்த டேட்டா, அதாவது விளைவைப் பார்த்துக் காரணத்தையே ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும்போது எடுத்தது.

பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. மேலே மழை கொட்டி மட்டம் ஏறினால் உபரி நீரைத் திறக்கிறார்கள், மட்டம் இறங்கினால் ஷட்டரை இறக்குகிறார்கள். இப்போது வெளியேற்றத்தையும் மட்டத்தையும் மட்டும் எடுத்து ஒரு ரெக்ரஷன் (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் கோட்டுப் பொருத்தம்) போட்டால் என்ன வரும்? திறப்பு அதிகமாக இருந்த நாட்களில் மட்டமும் அதிகம். குணகம் (ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு மாறும் என்ற எண்) நேர்க்குறியோடு வரும். அதாவது, தண்ணீரைத் திறக்கத் திறக்க அணை நிறையும் என்கிறது மாடல். டேட்டாவில் தவறில்லை, கணக்கிலும் தவறில்லை. திறப்பவர் மட்டத்தைப் பார்த்துத்தான் திறக்கிறார் என்ற செய்தி மாடலில் இல்லை, அவ்வளவுதான்.

உள்வரத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பல அணைகளில் உள்வரத்தை நேரடியாக அளப்பதில்லை. மட்டம் எவ்வளவு மாறியது, எவ்வளவு வெளியே போனது என்பதை வைத்துத்தான் உள்வரத்தைத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். அந்த எண்ணை மறுபடியும் மாடலில் போட்டு மட்டத்தைக் கணித்தால் பொருத்தம் அச்சாக வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, நிகர ஏற்றுமதி நான்கையும் போட்டு ஜி.டி.பி.-யை "விளக்கும்" ஆய்வும் இதே ரகம். ஜி.டி.பி. என்பதே அந்த நான்கின் கூட்டுத்தொகை, அந்த வரையறையை ரெக்ரஷன் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

அணையில் குறி மாறி வந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பொருளாதாரத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியது. விலைவாசி ஏறுகிறது, இன்னும் ஏறும் என்று பார்த்துத்தான் ஏற்றியது. இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால், வட்டி உயர்ந்தபோது விலைவாசியும் உயர்ந்தே இருந்ததாகத் தெரியும். இதை வைத்து "வட்டியை ஏற்றினால் விலை ஏறும்" என்று எழுதுகிறவர், ஷட்டரைத் திறந்தால் அணை நிறையும் என்று சொல்பவரின் அதே தவறைச் செய்கிறார். பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் சிம்ஸ் 1992-இல் பல நாடுகளின் டேட்டாவில் இந்தத் தலைகீழ் அசைவைக் காட்டினார். மத்திய வங்கி வரப்போகும் விலையேற்றத்தை முன்கூட்டியே பார்த்து வட்டியை ஏற்றுகிறது, ஆய்வாளரின் மாடலில் அந்த முன்னறிவு இல்லை என்பது அவர் சொன்ன விளக்கம். இதன் மறுபக்கமும் உண்டு. கட்டுப்பாடு மிகச் சரியாக வேலை செய்தால் மட்டம் அசையவே அசையாது, அப்போது திறப்புக்கும் மட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று டேட்டா சொல்லும். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இதை வீட்டுத் தெர்மோஸ்டாட்டை (வீட்டு வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் கருவி) வைத்து விளக்கியிருக்கிறார்.

பொறியியலில் இதற்கு மருந்து உண்டு. மட்டத்தைப் பார்க்காமல், முன்பே தீர்மானித்த நேரங்களில் ஷட்டரைச் சிறிய அளவு ஏற்றி இறக்கி, அந்தச் சிறு அசைவுக்கு அமைப்பு என்ன பதில் தருகிறது என்று பதிவுசெய்ய வேண்டும். பொருளாதாரத்தில் வட்டியை அப்படி ஆட்ட முடியாது. அதனால் சந்தை எதிர்பார்த்ததற்கும் அறிவித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்து எடுத்துப் பார்க்கிறார்கள். கடினமான வேலைதான். அதற்காக விட்டுவிட்டால் குணகத்தின் குறிகூட நம் கையில் இருக்காது.

அடுத்தது தாமதம். பட்டணங்கால்வாயின் மேலே ஷட்டரை ஏற்றினால், அந்தத் தண்ணீர் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பறளியாற்றைக் கடந்து கடைமடை ஏலாவுக்கு (வயல்வெளிக்கு) போய்ச் சேர நேரம் பிடிக்கும். கணக்குக்காக 6 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கடைமடையில் மட்டம் குறைவு என்று தகவல் வந்ததும், குறையில் ஒரு பங்கை ஒவ்வொரு மணியும் ஈடுசெய்கிற அளவுக்கு மேலே திறக்கிறார்கள். தாமதத்தை விட்டுவிட்டு எழுதிய மாடல் என்ன சொல்லும்? எவ்வளவு வேகமாகத் திருத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது, எந்த வேகத்திலும் ஆபத்தில்லை என்று சொல்லும். தாமதத்தோடு எழுதினால் கதையே வேறு. மணிக்குக் குறையில் 6 சதவீதம் வரை ஈடுசெய்தால் மட்டம் அலையாமல் வந்து சேரும். அதைத் தாண்டினால் ஏறி இறங்கி அடங்கும். 26 சதவீதத்தைத் தாண்டினால் அடங்கவே அடங்காது, ஒவ்வொரு சுற்றிலும் அலை பெரிதாகும். முதல் எண் 1-ஐ 2.718-ஆல் வகுத்து, மீண்டும் 6-ஆல் வகுத்தது. இரண்டாவது, பை (π, 3.1416) என்ற எண்ணில் பாதியை 6-ஆல் வகுத்தது. அளவு தப்பினால் ஒரு நாள் ஏலா மூழ்கும், மறுநாள் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நாற்று காயும், மேலே இருப்பவரோ இரண்டு நாளும் சரியாகத்தான் வேலை செய்திருப்பார்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்த எல்லைக்கு அருகே அலையின் சுற்றுக்காலம் தாமதத்தைப்போல நான்கு மடங்கு, அதாவது 24 மணி நேரம். டேட்டாவில் 24 மணி நேர அலையைப் பார்த்ததும் மாடல் எழுதுபவர் வெயிலையும் ஆவியாதலையும் இரவு மோட்டாரையும் காரணமாக எழுதுவார், 24 மணி நேர சைன் அலை ஒன்றைச் சேர்ப்பார், பொருத்தம் உடனே ஏறும். உண்மையில் அலையை உண்டாக்கியது திறப்பு விதி. கண்டுபிடிக்க வழி சுலபம். திருத்தும் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். வெயில் காரணமென்றால் அலை அப்படியே இருக்கும், திறப்பு காரணமென்றால் இரண்டு மூன்று சுற்றில் அடங்கிவிடும்.

பொருளாதாரத்தில் இந்தத் தாமதத்தைக் கணக்காக எழுதியவர்களில் முன்னோடி பொறியியல் படித்த மைக்கேல் கலெட்ஸ்கி. முதலீட்டு முடிவுக்கும் இயந்திரம் வந்து இறங்குவதற்கும் இடையிலுள்ள காலத்தை வைத்தே வணிகச் சுழற்சி உண்டாக முடியும் என்று 1935-இல் காட்டினார். நியூசிலாந்தில் பிறந்த மின்பொறியாளர் பில் ஃபிலிப்ஸ் 1949-இல் பொருளாதாரத்தைத் தண்ணீர்த் தொட்டிகளாகவும் குழாய்களாகவும் கட்டி லண்டனில் ஓட்டிக் காட்டினார். 1954-இல் அவர் எழுதிய கட்டுரை, நல்ல எண்ணத்தோடு போடும் திருத்தக் கொள்கையே தாமதத்தால் அலையைப் பெருக்கும் என்று எச்சரித்தது. பொறியியல் மாணவர்கள் அவரைப் படிக்க வேண்டும். பொருளாதார மாணவர்களுக்கு அவர் பெயரில் ஒரு வளைகோடு மட்டும்தான் சொல்லிக் கொடுக்கப்படுகிறது என்பது வருத்தம்.

சில பிழைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் சின்னவை அல்ல. காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தைப் பொறுத்தது, ஆனால் சராசரி வேகத்தை எடுத்து அதைக் கனமாக்கினால் தவறாகிவிடும். பாதி நேரம் நொடிக்கு 5 மீட்டர், பாதி நேரம் 15 மீட்டர் என்றால் சராசரி 10, அதன் கனம் 1000. ஆனால் கனங்களின் சராசரி 1750. (காற்றாலை தன் உச்சத்திறனில் நின்றுவிடும் என்பதால் எதிர்ப்பக்கமும் தவறலாம், அதனால் இயந்திரத்தின் பவர் கர்வோடு (எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்ற வரைகோடு) கணக்கிடுங்கள்.) அணையில் பாதி உயரம் என்பது பாதித் தண்ணீர் அல்ல. கீழே குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கில் அது கால் பங்காகவும் இருக்கலாம், அரைக்கால் பங்காகவும் இருக்கலாம். நேர அடியும் (ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு மாடல் தாவும் கால இடைவெளி) முக்கியம். 5 நிமிடக் கால மாறிலி (விலகல் எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதைச் சொல்லும் நேரம்) உள்ள ஒரு தொட்டியை 12 நிமிட அடியில் ஆய்லர் முறையில் (அடியின் தொடக்கத்தில் உள்ள மாற்ற வேகத்தையே அடி முழுவதும் வைத்துக் கணக்கிடுவது) ஓட்டினால் ஒவ்வொரு அடியிலும் விலகல் மைனஸ் 1.4 மடங்காகும். 1, மைனஸ் 1.4, 1.96 என்று வெடித்துப் போகும், தொட்டியோ அமைதியாக இருக்கும். மூன்று மாதத்தில் சரிசெய்துகொள்ளும் ஒரு சந்தையை ஆண்டு டேட்டா கிடைக்கிறது என்பதற்காக ஆண்டு அடியில் எழுதுகிறவர்கள் "நிலையற்ற சந்தை" என்று முடிவு எழுதுவது இப்படித்தான்.

"பாலம் பேப்பர் படிக்காது, மனிதன் படிப்பான், அதனால் பொறியியல் மாடல் வேறு, பொருளாதார மாடல் வேறு" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். பொருளாதார அறிஞர் ராபர்ட் லூகாஸ் 1976-இல் சொன்னது இந்த வாதத்தின் வலுவான பாதி: பழைய கொள்கையின் கீழ் மக்கள் நடந்துகொண்டதிலிருந்து எடுத்த குணகங்கள் கொள்கை மாறினால் மாறும். ஆனால் மற்ற பாதி சரியில்லை. லண்டன் மில்லெனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்ததும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. நடப்பவர்களின் காலடியை வெளியிலிருந்து வரும் சுமையாக எடுத்திருந்தார்கள். பாலம் லேசாக ஆடியதும் மக்கள் தடுமாறாமல் இருக்கத் தங்கள் நடையை ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றினார்கள், அந்த நடை ஆட்டத்தை இன்னும் வளர்த்தது. சுமை என்று எழுதியது உண்மையில் பின்னூட்டம். அதிர்வு தணிப்பான்களைப் பொருத்தி 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள். எதை உள்ளீடு என்று வெளியே வைத்தோம், எதை உள்ளே எடுத்தோம் என்ற எல்லைக்கோட்டுப் பிழை இரு துறைக்கும் பொது.

நமக்கு அந்த எல்லைக்கோடு அதிகம் வலிக்கும் இடம் ரப்பர். 2011 ஏப்ரலில் கிலோ 240 ரூபாயை ஒட்டிப் போன விலை 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே இறங்கியது. உள்ளூர் விலையையும் உள்ளூர் விளைச்சலையும் மட்டும் வைத்து எழுதிய மாடலால் இதைச் சொல்லவே முடியாது. தாய்லாந்து, இந்தோனேசியா தோட்டங்கள், கச்சா எண்ணெயோடு நகரும் செயற்கை ரப்பர், சீனாவின் டயர் தேவை எல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. இன்னொன்று, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே குணகம் போடுவது. விலை ஏறினால் கன்று நடுவார்கள், பால் வெட்டச் சுமார் 7 ஆண்டு ஆகும். விலை இறங்கினால் 7 ஆண்டு வளர்த்த மரத்தை யாரும் மறுநாள் வெட்டிச் சாய்ப்பதில்லை. வெட்டுக்கூலி கட்டுப்படியாகாவிட்டால் பால் வெட்டை நிறுத்துவார்கள், மரம் நிற்கும், விலை கொஞ்சம் தூக்கியதும் வெட்டு தொடங்கிவிடும். ஆக, விலை மேலேறாமல் அழுத்துகிற ஒரு சேமிப்பு தோட்டத்துக்குள்ளேயே நிற்கிறது. ஏத்தன் வாழையில் இந்தச் சிக்கல் குறைவு. ஏறக்குறைய ஓராண்டில் குலை வெட்டிவிடுவதால் தவறும் திருத்தமும் சீக்கிரம் வருகின்றன.

ஆகவே ரப்பர் விலையைக் கணிக்கிறேன் என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். 2010 டிசம்பரோடு டேட்டாவை வெட்டிவிட்டு 2016 வரை மாடலைத் தனியே ஓட்டிக் காட்டுங்கள். கச்சா எண்ணெய், வெளிநாட்டு விலை இரண்டையும் கொடுத்து ஒரு முறை, கொடுக்காமல் ஒரு முறை. மரங்களை மொத்தப் பரப்பாக எழுதாமல், நட்ட ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். 3 வயது மரமும் 15 வயது மரமும் ஒரே எண்ணுக்குள் இருக்கக் கூடாது. குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் சிறு தோட்டக்காரர்களின் நடவு ஆண்டுக் கணக்கை யாராவது வார்டுவாரியாகத் திரட்டி வைத்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். 2008 முதல் 2012 வரை நட்டவை முதலில் வேண்டும்.