வாடகை பாதியானால் மட்டும் கணக்கு நேராகாது

"பெருநகரத்தை விட்டு வளரும் சிறு நகரத்துக்கு வேலை மாறிப் போனால் வாடகை பாதிதான், கைக்கு வரும் சம்பளம் 30 சதவீதம் குறைந்தாலும் லாபம்தான்" என்று சிலர் சொல்வது தப்புக் கணக்கு. இப்போதைய சம்பளத்தை 100 என்று வையுங்கள். அதில் வாடகை 25 என்றால், பாதியானதும் மிச்சமாவது 12.50. சம்பளத்தில் போவதோ 30. துண்டு விழும் 17.50 எங்கிருந்து வரும்? கடன் தவணை, காப்பீட்டு பிரீமியமெல்லாம் ஊர் மாறினால் குறையாது. பேருந்து வசதி போதாத ஊரென்றால் இரண்டாவது வண்டியும் வாங்க வேண்டிவரும். வாடகையும் ஊர் வளர வளர ஏறும், இன்றைய விளம்பரங்களைப் பாருங்கள்.

இதைவிட முக்கியம்: சிறு நகரத்தில் சேரும் வேலை போனால், உங்கள் துறையில் ஆள் எடுக்கும் நிறுவனம் அங்கே வேறு எத்தனை? ஒன்றுமில்லை என்றால், ஆறு மாதச் செலவும் திரும்பி வரும் செலவும் கையில் இல்லாமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள்.